அணைத்த பின்னும் மினுங்கும் விளக்கு: திடநிலை ரிலேயின் கசிவு மின்னோட்டத்தை அளந்து அடக்கும் முறை

வீட்டுச் சுவிட்ச் போர்டுக்குள் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையைப் பொருத்தி, கைபேசியிலிருந்தோ நேரக் கணக்கின்படியோ விளக்குகளை ஏற்றி அணைக்கும் ஏற்பாட்டைச் செய்தவர்களில் பலர், முதல் நாள் இரவிலேயே ஒரு விநோதத்தைப் பார்த்திருப்பார்கள். விளக்கை அணைத்தாயிற்று; பலகையில் உள்ள அடையாள விளக்கும் அணைந்துவிட்டது; ஆனாலும் இருட்டில் அந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு அரை நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சாம்பல் மூடிய தணல் போல மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. பலகையில் விளக்கை ஏற்றி அணைக்கும் ரிலே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து வேறொன்றை வாங்கி மாட்டினால் அதுவும் அப்படியே செய்கிறது. பல்பை மாற்றினால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் இன்னும் மோசமாகிறது.

இதில் எந்தப் பொருளும் கெட்டுப்போகவில்லை. கடைகளில் எஸ்.எஸ்.ஆர். என்று கேட்டு வாங்கப்படும் திடநிலை ரிலே, அணைந்த நிலையிலும் ஒரு சிறு மின்னோட்டத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதன் அமைப்பே அப்படிப்பட்டது. அந்தக் கசிவின் அளவை முன்கூட்டியே கணக்கிடலாம், எளிய கருவிகளைக் கொண்டு அளக்கலாம், விளக்குக்குத் தெரியாத அளவுக்கு அடக்கவும் செய்யலாம். இந்த மூன்றையும் செய்யும் முறையை, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் ஓர் இந்திய வீட்டையும் ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பையும் எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன்.

கசிவு எங்கிருந்து வருகிறது

சுவரில் உள்ள சுவிட்சிலோ சுருள் வைத்த சாதாரண ரிலேயிலோ, அணைத்தல் என்றால் இரண்டு உலோகத் தொடுமுனைகள் விலகி நடுவில் காற்று வந்துவிடுகிறது. எஸ்.எஸ்.ஆரில் விலகுவதற்கு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சிறு எல்.இ.டி.யின் ஒளி, ஒளியால் சமிக்ஞையைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக ஒரு ட்ரையாக்கையோ, எதிரெதிராக இணைத்த இரண்டு தைரிஸ்டர்களையோ தூண்டுகிறது. இவை தூண்டினால் கடத்தும் குறைகடத்திச் சுவிட்சுகள். தூண்டல் நின்றபின் மின்னோட்டம் சுழியைத் தொடும் கணத்தில் அந்தக் குறைகடத்தி கடத்துவதை நிறுத்துகிறது. நிறுத்திய பிறகும் ஃபேஸ் கம்பிக்கும் விளக்குக்கும் நடுவே சிலிக்கன் இருக்கிறதே தவிர, இடைவெளி இல்லை.

அந்தச் சிலிக்கனின் கசிவு மிகச் சிறியதுதான். 16 ஆம்பியர் தாங்கும் பிடிஏ16 வகை ட்ரையாக்கின் தரவுத்தாள், 25 பாகை செல்சியசில் கசிவு 5 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டாது என்கிறது. சந்தியின் வெப்பம் 125 பாகையை எட்டினால்தான் 2 மில்லி ஆம்பியர் வரை போகலாம். ஒரு பல்பை மட்டும் இயக்கும் ட்ரையாக் அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே பெரும்பங்கு வேறிடத்திலிருந்து வருகிறது: ட்ரையாக்குக்குக் குறுக்கே இணைத்திருக்கும் ஸ்னப்பர்.

மோட்டாரையோ சோக்கையோ அணைக்கும்போது ட்ரையாக்கின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் திடீரென்று எகிறும். அந்த வேகத்திலேயே அது யாரும் தூண்டாமல் மறுபடி கடத்தத் தொடங்கிவிடக்கூடும். எகிறும் வேகத்தைத் தணிப்பதற்காகச் சில பத்து ஓம் மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் தொடராகக் கோத்துக் குறுக்கே போடுகிறார்கள். அதற்குத்தான் ஸ்னப்பர் என்று பெயர். ஆனால் மாறுமின்சாரத்துக்கு மின்தேக்கி ஒரு திறந்த வழி. ட்ரையாக் தூங்கினாலும் ஸ்னப்பர் தூங்குவதில்லை.

எவ்வளவு விடும் என்பதற்குக் கணக்கு எளிது. மின்னழுத்தத்தை 314-ஆல் பெருக்கி (2 × 3.14 × 50 ஹெர்ட்ஸ்), வருவதை ஃபாரட் அளவிலான மின்தேக்கத்தால் பெருக்கினால் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 230 வோல்ட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 7.2 மில்லி ஆம்பியரும், 0.022 மைக்ரோ ஃபாரட் 1.6 மில்லி ஆம்பியரும், 0.01 மைக்ரோ ஃபாரட் 0.72 மில்லி ஆம்பியரும் விடும். ஸ்னப்பரின் மின்தடை சில பத்து ஓம் மட்டுமே என்பதால் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதே 0.1 மைக்ரோ ஃபாரட் 4.5 மில்லி ஆம்பியர்தான் விடும். அங்கே ஒருவர் சோதித்துச் சரி என்று எழுதிய சுற்றை அப்படியே எடுத்து இங்கே மாட்டினால் கசிவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுவது இதனால்தான்.

குண்டு பல்பு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

எஸ்.எஸ்.ஆர். புதிய பொருளன்று, இழை விளக்குகளை அது பல ஆண்டுகளாக இயக்கி வந்திருக்கிறது, யாரும் புகார் சொன்னதில்லை. 60 வாட் குண்டு பல்பின் இழை எரியும்போது 880 ஓம் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 70 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வழியே 7.2 மில்லி ஆம்பியர் போனாலும் இழையின் குறுக்கே அரை வோல்ட்தான் விழுகிறது. கசிவு இருந்தது, விளக்கு அதைப் பொருட்படுத்தவில்லை.

எல்.இ.டி. பல்பின் உள்ளமைப்பு நேர்மாறானது. உள்ளே வரும் மின்சாரம் நான்கு டையோடுகள் கொண்ட பாலத்தின் வழியே போய் ஒரு மின்பகுளி மின்தேக்கியில் சேர்கிறது. அங்கிருந்து ஓட்டுநர்ச் சில்லு எடுத்துத் தருகிறது. ஒழுகும் குழாயின் கீழே வைத்த செம்பைப் போல, கசிவு அந்த மின்தேக்கியைச் சொட்டுச் சொட்டாக நிரப்புகிறது. சில்லு விழிக்கும் மட்டத்துக்கு மின்னழுத்தம் ஏறியதும் அது இயங்கத் தொடங்கி, சேர்ந்த மின்சாரம் முழுவதையும் ஒரு நொடிக்கும் குறைவான பளிச்சில் செலவழித்துவிட்டு, மறுபடி உறங்குகிறது. உள்ளே 4.7 மைக்ரோ ஃபாரட் இருந்து, சில்லு 100 வோல்ட்டில் விழிக்கிறது என்று கொண்டால், 1.5 மில்லி ஆம்பியர் கசிவு அதை ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடியில் நிரப்பிவிடும். அதே பல்புக்கு 0.1 மில்லி ஆம்பியர் மட்டும் கசிந்தால் 5 நொடிக்கு ஒரு முறைதான் மின்னும். இதனால் சிமிட்டலின் இடைவெளியைக் கவனித்தாலே கசிவு பெரியதா சிறியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

விலை குறைந்த பல பல்புகளில் இந்தப் பெரிய மின்தேக்கியும் சுருளும் இருப்பதில்லை, எல்.இ.டி.க்கள் இருக்கும் அதே தட்டிலேயே ஒரு நேரியல் சில்லு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அவை சிமிட்டாமல் தொடர்ந்து மங்கலாக ஒளிரும். எல்.இ.டி. சில மைக்ரோ ஆம்பியரிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிரும் பொருள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். சி.எஃப்.எல். விளக்குகள் எல்.இ.டி.யைப் போலவே சிமிட்டும். ஆனால் அவற்றில் ஒவ்வொரு சிமிட்டலும் குளிர்ந்த மின்வாயில் ஒரு தொடக்க முயற்சி என்பதால், இரவு முழுவதும் அப்படி விட்டால் குழாயின் முனைகள் கறுத்து ஆயுள் விரைவில் தீர்ந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

எஸ்.எஸ்.ஆர். அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கிறது. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறிப் பல்பைக் கழற்றும் பழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு, எஸ்.எஸ்.ஆர். வைத்த சுற்றில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. மனித உடல் அரை மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தை உணரும். 10 மில்லி ஆம்பியர் அளவில் பிடித்த கை விடாமல் போகக்கூடும். 0.1 மைக்ரோ ஃபாரட் ஸ்னப்பர் விடும் 7.2 மில்லி ஆம்பியர், உடலின் மின்தடையைச் சேர்த்தாலும் பெரிதாகக் குறையாது. பூமிக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. அந்த அதிர்ச்சி நேரடியாக உயிரைப் பறிக்காவிட்டாலும் ஏணியிலிருந்து கீழே தள்ளப் போதும்.

ஆகவே கீழே சொல்லும் எந்த வேலைக்கும், வெறுமனே பல்பை மாற்றுவதற்குங்கூட, அந்தச் சுற்றின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் உள்ள பாதுகாப்புச் சுவிட்சை) அணைத்து, டெஸ்டரால் ஹோல்டரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். எம்.சி.பி. அருகிலேயே ஒரு சீட்டு ஒட்டிவைப்பது நல்லது. நாளை பல்பு மாற்ற வருபவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. 230 வோல்ட் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் கணக்கைத் தாங்கள் போட்டுக்கொண்டு, இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடலாம்.

ரிலேதான் காரணமா என்று உறுதி செய்தல்

எஸ்.எஸ்.ஆர். மேல் பழியைப் போடுவதற்கு முன் மற்ற வழிகளை விலக்கிவிட வேண்டும். எம்.சி.பி.யை அணைத்து, விளக்குக்குப் போகும் கம்பியை எஸ்.எஸ்.ஆரின் வெளியீட்டு முனையிலிருந்து முழுவதுமாகக் கழற்றி, அதன் நுனியைக் காப்பிட்டுவிட்டு, மறுபடி எம்.சி.பி.யைப் போட்டுப் பாருங்கள். இப்போதும் பல்பு மினுங்கினால் காரணம் கம்பியில் இருக்கிறது. ஒரே பைப்புக்குள் ஃபேஸ் கம்பியோடு ஒட்டி ஓடும் கம்பிகளுக்கு இடையே மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கம் இருக்கும். 10 மீட்டர் ஓடினால் அதன் வழியே 70 மைக்ரோ ஆம்பியர் அளவு வரும். மாடிப்படி விளக்கின் இருவழிச் சுவிட்ச் இணைப்புகளில் இது சாதாரணமாக நடப்பது. மற்றொரு காரணம், ஃபேசுக்குப் பதிலாக நியூட்ரலை வெட்டும் தவறான இணைப்பு; அப்போது விளக்கு முழுவதும் எப்போதும் ஃபேசிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திருத்தாமல் வேறெதையும் செய்யக் கூடாது.

கம்பியைக் கழற்றியதும் மினுங்கல் நின்றால், கசிவு எஸ்.எஸ்.ஆர். பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதே ஃபேசை வெட்டும் பழைய சுவிட்ச் ஒன்று எஸ்.எஸ்.ஆருக்குக் குறுக்கே இருந்து, அதில் நியான் அடையாள விளக்கும் இருந்தால், அதுவும் தன் பங்குக்குக் கசியவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு, வெற்று ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தால் எஸ்.எஸ்.ஆர். அணைந்த நிலையிலும் 230 வோல்ட் காட்டும். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். ஸ்னப்பரின் தடை அதைவிட மிகவும் குறைவு. ஆகவே கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும் மீட்டரின் மேல்தான் விழும். இதைப் பார்த்து ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது என்று தூக்கி எறியப்பட்ட நல்ல எஸ்.எஸ்.ஆர்.கள் நிறைய இருக்கும். உண்மையில் உள்ளே குறுக்கு விழுந்த எஸ்.எஸ்.ஆர். பல்பை மினுங்க வைக்காது, முழு வெளிச்சத்தில் எரியவிடும். சந்தேகம் தீர, ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டுங்கள்: எரியாவிட்டால் எஸ்.எஸ்.ஆர். நலமாக இருக்கிறது, இருப்பது கசிவு மட்டுமே.

அளப்பது

தரவுத்தாள் இருந்தால் அதில் அணைநிலைக் கசிவு மின்னோட்டம் என்ற வரியைத் தேடுங்கள். எந்த மின்னழுத்தத்தில் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பெயரில்லாத பலகையாக இருந்தால் அளந்துதான் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை நேராக மில்லி ஆம்பியர் நிலையில் தொடராக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அளக்கும் நடுவே எஸ்.எஸ்.ஆர். எதிர்பாராமல் இயங்கிவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அதற்குப் பதிலாக ஒரு 15 வாட் இழை பல்பையும், 1 கிலோ ஓம், 10 வாட் கம்பிச் சுற்று மின்தடை ஒன்றையும் தொடராக இணைத்து, விளக்கு இருக்கும் இடத்தில் சுமையாகப் போடுங்கள். மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த நிலையில் வைத்து, அதன் கவ்விகளை அந்த 1 கிலோ ஓம் மின்தடையின் இரு முனைகளிலும் மாட்டுங்கள். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கையை எடுத்த பிறகே எம்.சி.பி.யைப் போட வேண்டும். இந்த அமைப்பின் அழகு என்னவென்றால், மீட்டர் வோல்ட்டில் காட்டும் எண்ணே மில்லி ஆம்பியரில் கசிவு. 1.7 வோல்ட் என்று காட்டினால் 1.7 மில்லி ஆம்பியர். குளிர்ந்த 15 வாட் இழையின் சில நூறு ஓம், ஸ்னப்பரின் நூறு கிலோ ஓம் கணக்கான தடைக்கு முன் ஒன்றுமில்லை என்பதால் அளவு பிசகாது. தவறுதலாக எஸ்.எஸ்.ஆர். இயங்கினாலும் பல்பு மின்னோட்டத்தை 65 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்திவிடும்.

இனி வரும் கணக்குகளுக்கு, வீட்டுப் பலகைகளில் அடிக்கடி காணப்படும் 2 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், 200 வோல்ட்டில் அதிகபட்சக் கசிவு 1.5 மில்லி ஆம்பியர் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. 230 வோல்ட்டில் அது 1.7 ஆகும். 230 வோல்ட்டில் அளந்த ஒவ்வொரு மில்லி ஆம்பியரும் ஏறத்தாழ 14 நானோ ஃபாரட் மின்தேக்கிக்குச் சமம் என்பதை வைத்துக்கொண்டால், இந்த எஸ்.எஸ்.ஆர். அணைந்திருக்கும்போது 24 நானோ ஃபாரட் மின்தேக்கி மாதிரி நடந்துகொள்கிறது.

அடக்குவது

கசிவை நிறுத்த முடியாது, அதற்கு வேறொரு வழியைத் திறந்துவிட முடியும். விளக்குக்கு இணையாக, அதாவது எஸ்.எஸ்.ஆர். வெளியீட்டுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, ஒரு பாகத்தைப் போட்டால் கசிவு அதன் வழியே போய்விடும். விளக்கின் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம் சில்லை எழுப்பும் அளவுக்கு ஏறாது. என் அனுபவத்தில் அந்த மின்னழுத்தத்தை 25 வோல்ட்டுக்குக் கீழே வைத்துவிட்டால் பெரும்பாலான 5 வாட்டுக்கு மேற்பட்ட பல்புகள் இருண்டுவிடுகின்றன.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு மின்தடை. 1.7 மில்லி ஆம்பியருக்கு 10 கிலோ ஓம் போட்டால் 17 வோல்ட்தான் நிற்கும், கணக்கு சரி. ஆனால் விளக்கு எரியும்போது அதே மின்தடையின் மேல் 230 வோல்ட் இருக்கும். 230-ஐ 230-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 5.3 வாட். 9 வாட் விளக்கு ஒன்றை எரிக்க 5.3 வாட்டைச் சீலிங் ரோசுக்குள் சூடாக்கி வீணடிப்பது அறிவுடைமை ஆகாது. 33 கிலோ ஓமாக உயர்த்தினால் வெப்பம் 1.6 வாட்டாகக் குறையும், ஆனால் அணைந்த நிலையில் 56 வோல்ட் நிற்கும். கசிவு கம்பியிலிருந்து மட்டும் வரும் 70 மைக்ரோ ஆம்பியர் போன்ற சின்னச் சொட்டாக இருந்தால் 220 கிலோ ஓம் மின்தடையே போதும், எஸ்.எஸ்.ஆர். கசிவுக்கு மின்தடை ஏற்றதன்று.

சரியான விடை, கசிவைக் கொண்டுவரும் பொருளையே எதிர்ப்பக்கத்தில் வைப்பது: ஒரு மின்தேக்கி. இரண்டு மின்தேக்கிகள் தொடராக இருக்கும்போது மின்னழுத்தம் அவற்றின் அளவுக்குத் தலைகீழ் விகிதத்தில் பிரியும். எஸ்.எஸ்.ஆர். 24 நானோ ஃபாரட்டாக நிற்க, விளக்குக்கு இணையாக 0.1 மைக்ரோ ஃபாரட் வைத்தால், 230 × 24 ÷ 124, அதாவது 44 வோல்ட் விளக்கின் மேல் விழும். 0.22 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 230 × 24 ÷ 244, ஏறத்தாழ 23 வோல்ட். 0.47 வைத்தால் 11 வோல்ட். மின்தேக்கி மின்னாற்றலைத் தின்பதில்லை. விளக்கு எரியும்போது 0.22 மைக்ரோ ஃபாரட் வழியே ஓடும் 16 மில்லி ஆம்பியர் சூடாக மாறாது, வீட்டு மீட்டரிலும் யூனிட்டாக ஏறாது. எஸ்.எஸ்.ஆருக்குச் சமமான மின்தேக்கத்தைப் போல ஒன்பது பத்து மடங்கு என்பதை விதியாக வைத்துக்கொள்ளலாம். மங்கலாக ஒளிரும் நேரியல் வகைப் பல்புகளில் எல்.இ.டி. சரத்துக்கே நூறு வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுவதால், அவற்றுக்குப் பெரும்பாலும் 0.1 மைக்ரோ ஃபாரட்டே போதுமாகிவிடும்.

எந்த மின்தேக்கியையும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. நேர்மின்னழுத்தத்துக்கு 400 வோல்ட் என்று அச்சிட்ட பச்சை, பழுப்பு நிற மின்தேக்கிகள் மின்வழியின் குறுக்கே ஆண்டுக்கணக்கில் நிற்கத் தயாரிக்கப்பட்டவை அல்ல. எக்ஸ்2 என்றும் மாறுமின்னழுத்தம் 275 வோல்ட் அல்லது 310 வோல்ட் என்றும் அச்சிட்ட, பெட்டி வடிவிலான பிளாஸ்டிக் படல மின்தேக்கியையே கேட்டு வாங்குங்கள். அதற்குத் தொடராக 100 ஓம், 1 வாட், தீப்பற்றாத வகை மின்தடை ஒன்று வேண்டும்: மின்னழுத்தம் சுழியைத் தொடும் கணத்துக்குக் காத்திராமல் இயங்கும் வகை எஸ்.எஸ்.ஆர். அலையின் உச்சியான 325 வோல்ட்டில் இயங்கிவிட்டால், வெற்று மின்தேக்கிக்குள் பாயும் மின்னோட்டம் ட்ரையாக்கைக் காயப்படுத்தும். 100 ஓம் இருந்தால் அது 3.3 ஆம்பியரைத் தாண்டாது. மின்தேக்கிக்கு இணையாக, அதில் தங்கும் மின்னூட்டத்தை வடிக்க 220 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராகப் போடுங்கள். ஒன்றாகப் போடாமல் இரண்டாகப் பிரிப்பதற்குக் காரணம் வெப்பம் அன்று. கால் வாட் மின்தடை ஒன்றுக்கு 325 வோல்ட் உச்சம் அதன் தாங்கும் எல்லையை ஒட்டியது.

அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கமும் உண்டு. மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முன்னால் ஓடுவதால், எஸ்.எஸ்.ஆர். அணையும் கணத்தில் மின்தேக்கி 325 வோல்ட் உச்சத்தில் நிற்கக்கூடும். அரை அலை கழித்து மின்வழி எதிர்ப்பக்கம் 325-க்குப் போகும்போது ட்ரையாக்கின் மேல் இரண்டும் சேர்ந்து 650 வோல்ட் விழும். ஸ்னப்பரும் வடிகால் மின்தடையும் அதைக் கொஞ்சம் குறைக்கும் என்றாலும், 600 வோல்ட் என்று எழுதிய ட்ரையாக்கை அந்த எல்லையில் நிறுத்துவது நல்லதன்று. புதிதாக வாங்குவதானால் தடுப்பு மின்னழுத்தம் 800 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ள எஸ்.எஸ்.ஆரைத் தேர்ந்தெடுங்கள், இருப்பதையே வைத்துக்கொள்வதானால் அதன் வெளியீட்டுக்குக் குறுக்கே எகிறும் மின்னழுத்தத்தை அமுக்கும் வேரிஸ்டர் ஒன்றை, 275 வோல்ட் மாறுமின்னழுத்த வகையில், போடுங்கள்.

பொருத்தும் இடம், நியூட்ரல் எங்கே கிடைக்கிறதோ அங்கே. நம் வீடுகளின் சுவிட்ச் போர்டில் எல்லாப் பெட்டிகளிலும் நியூட்ரல் வருவதில்லை. வராவிட்டால் விளக்குக்கு மேலே உள்ள சந்திப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மின்தேக்கியும் மின்தடைகளும் ஒரு சிறு அச்சுப் பலகையில் பற்றவைக்கப்பட்டு, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், திருகு முனைகளோடு இருக்க வேண்டும். டேப் சுற்றி ஹோல்டருக்குள் திணிப்பது வேண்டவே வேண்டாம். ஒரு எஸ்.எஸ்.ஆரின் கீழ் நான்கு பல்புகள் இருந்தாலும் ஒரே ஒரு மின்தேக்கி அமைப்பு போதும்.

முடித்த பிறகு, எஸ்.எஸ்.ஆரை அணைத்து வைத்து விளக்கின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்து, கணக்கோடு ஒப்பிடுங்கள். இருட்டான அறையில் கண் பழக ஐந்து நிமிடம் கொடுத்துப் பல்பைப் பாருங்கள். பகலில் தெரியாத ஒளிர்வு அப்போது தெரியும். சில ஆண்டுகளுக்குப் பின் சிமிட்டல் திரும்பினால் முதலில் இந்த மின்தேக்கியைச் சந்தேகியுங்கள். படல மின்தேக்கிகள் மின்வழியின் அதிர்வுகளையும் ஈரத்தையும் தாங்கித் தாங்கி மெல்ல மெல்ல அளவில் சுருங்கும்.

ஸ்னப்பரையே நீக்கலாமா

எஸ்.எஸ்.ஆரைக் கையால் கட்டுபவர்களுக்கு இது நல்ல வழி. எம்ஓசி3041 ஆப்டோகப்ளரின் தரவுத்தாள் காட்டும் மாதிரிச் சுற்றில் 39 ஓமும் 0.01 மைக்ரோ ஃபாரட்டும் கொண்ட ஸ்னப்பர் இருக்கிறது. அது மட்டும் 0.72 மில்லி ஆம்பியர் விடும். விளக்கு, மோட்டாரைப் போன்ற சுமை அன்று. பிடிஏ16-600பிடபிள்யூ போன்ற, ஸ்னப்பர் தேவைப்படாத வகை ட்ரையாக்கைப் பயன்படுத்தினால் அதை விட்டுவிடலாம். அதன் 800 வோல்ட் உடன்பிறப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கசிவு மைக்ரோ ஆம்பியர்களுக்கு இறங்கிவிடும். இதற்கு ஈடாக, அதே வழியில் மின்விசிறியோ மிக்சியோ அணையும்போது எழும் அதிர்வில் ட்ரையாக் அரை அலைக்கு மட்டும் தானாக இயங்கி, விளக்கு ஒருமுறை மின்னக்கூடும். கடையில் வாங்கிய, பிசின் ஊற்றி மூடிய எஸ்.எஸ்.ஆரை உடைத்து இதைச் செய்ய முயல வேண்டாம்.

0.1 மைக்ரோ ஃபாரட் ஸ்னப்பர் கொண்டு 7 மில்லி ஆம்பியர் விடும் பெரிய எஸ்.எஸ்.ஆர்.கள் ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் ஆனவை. அவற்றை ஒரு விளக்குக்கு வைத்தால், அடக்க 1 மைக்ரோ ஃபாரட் வேண்டியிருக்கும். அது எரியும் நேரமெல்லாம் 72 மில்லி ஆம்பியர் எடுக்கும், விளக்கே எடுப்பதைவிட அதிகம். அங்கே மின்தேக்கியைத் தேடுவதைவிட எஸ்.எஸ்.ஆரை மாற்றுவதுதான் வழி.

இரவு விளக்கு தனிக் கதை. ஜீரோ வாட் என்று நாம் அழைத்த பழைய பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் எடுத்த இழை விளக்கு. அதற்குக் கசிவு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. இன்று அதன் இடத்தில் இருக்கும் 0.5 வாட் எல்.இ.டி. விளக்குக்குச் சில மில்லி ஆம்பியரே முழு உணவு. 1.7 மில்லி ஆம்பியர் கசியும் எஸ்.எஸ்.ஆரில் அதை மாட்டினால் ஏற்றியதற்கும் அணைத்ததற்கும் வேறுபாடு தேட வேண்டியிருக்கும். அது இயங்கும்போது எடுக்கும் மின்னோட்டமும் ட்ரையாக்கைக் கடத்தும் நிலையில் பிடித்து வைக்கப் போதாது. அதைச் சாதாரண சுவிட்சிலேயே விட்டுவிடுங்கள்.

நாளுக்கு நாலைந்து முறை ஏற்றி அணைக்கும் வீட்டு விளக்குக்கு எஸ்.எஸ்.ஆர். தேவையே இல்லை என்பது என் கருத்து. எல்.இ.டி.யின் தொடக்கப் பாய்ச்சலைத் தாங்கும் 16 ஆம்பியர் தொடுமுனை ரிலே ஒன்று அதை நன்றாகவே செய்யும். அணைந்தால் உண்மையாகவே அணையும். ஆனால் அப்படிப்பட்ட சில பலகைகளிலும் தொடுமுனைகளுக்குக் குறுக்கே ஸ்னப்பர் வைத்திருப்பார்கள். இருந்தால் கசிவுக் கதை அங்கேயும் முதலிலிருந்து தொடங்கும், ஆகவே பார்த்து வாங்க வேண்டும். படுக்கையறையில் ரிலேயின் டிக் ஒலி பிடிக்காதவர்களுக்கே எஸ்.எஸ்.ஆர். பொருத்தம்.

தொடுமுனையில் தீப்பொறியும் வேண்டாம், கசிவும் வேண்டாம் என்பவர்கள் இரண்டையும் தொடராகக் கோக்கலாம். ஃபேஸ் கம்பி முதலில் ரிலேக்குள் நுழைந்து, பின் எஸ்.எஸ்.ஆர். வழியாக விளக்குக்குப் போக வேண்டும். ஏற்றும்போது ரிலேயை முதலில் மூடி, தொடுமுனைகள் துள்ளி அடங்க 50 மில்லி நொடி விட்டு, அதன் பின் எஸ்.எஸ்.ஆரை இயக்க வேண்டும். அணைக்கும்போது எஸ்.எஸ்.ஆரை முதலில் நிறுத்தி, ஒரு முழு அலையான 20 மில்லி நொடியைத் தாராளமாகத் தாண்டவிட்டு, ரிலேயைத் திறக்க வேண்டும். அப்போது ரிலே வெட்டுவது கசிவு மின்னோட்டம் ஒன்றை மட்டுமே.